பழைய பேட்டரி வண்டியைக் காணிக்கையாகக் கொடுக்கலாமா?

(மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் சிற்றாலய ஆயர் ஆற்றிய உரை)



இந்தக் கூடுகையில் வழக்கமாக ஒரு வேதபகுதியை எடுத்துக்கொண்டு பேசுவோம். இம்முறை ஒரு வண்டியைப் பற்றிப் பேசும்படி நிர்வாகக் குழுவார் கேட்டுக்கொண்டார்கள். உங்களில் சிலர், வெவ்வேறு சபைகளைச் சேர்ந்தவர்கள், ஏறக்குறைய ஒரே கேள்வியை எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் கடையில் ஓடிய பேட்டரி லோடு வண்டி ஒன்று இருக்கிறது, பெரிய வண்டி வாங்கப்போகிறோம், இதை மருத்துவமனைக்குக் காணிக்கையாகக் கொடுக்கலாமா என்பதே அந்தக் கேள்வி.

கொடுக்கலாம். மனமகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம். ஆனால் எப்படிப்பட்ட வண்டி, எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அது எங்களுக்கு உதவியாகும், அல்லது எங்கள் வாசலில் நிற்கும் ஒரு பாரமாகும். ஆகவே கொஞ்சம் விரிவாகப் பேச உத்தரவு கொடுங்கள்.

இந்த வண்டிகள் நமக்குப் புதியவை. டாட்டா ஏஸ் 2005-இல் வந்தது. வந்த சில வருஷங்களிலேயே நம் ஜனங்கள் அதற்குக் குட்டியானை என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தக் குட்டியானை பேட்டரியில் ஓடும்படியாக 2022 மே மாதம் அறிமுகமாகி, 2023 ஜனவரி முதல் வாங்கியவர்களின் கைக்கு வந்தது. மூன்று சக்கர பேட்டரி லோடு ஆட்டோக்கள் அதற்கும் முன்பே ஓட ஆரம்பித்துவிட்டன. முதன்முதலில் வாங்கியவர்கள் இப்போதுதான் வண்டி மாற்றுகிறார்கள். டீசல் வண்டி என்றால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நம் மெக்கானிக் அதன் ஆயுசைச் சொல்லிவிடுவார். பேட்டரி வண்டி நன்றாக இருந்தாலும் சத்தம் போடாது, நாள் எண்ணிக்கொண்டிருந்தாலும் சத்தம் போடாது. கொடுக்கிறவர் சொன்னால்தான் வாங்குகிறவருக்குத் தெரியும்.

மருத்துவமனைக்கு லோடு வண்டி எதற்கு என்று கேட்பீர்கள். ஆம்புலன்சுக்காக அல்ல. நம் தமிழ்நாட்டில் 2008 முதல் 108 வண்டி இலவசமாக ஓடுகிறது. அதில் கருவிகள் உண்டு, பயிற்சி பெற்றவரும் உண்டு. லோடு வண்டியில் ஒரு பெஞ்சைப் போட்டு, பக்கவாட்டில் சிவப்புச் சிலுவையை வரைந்துவிட்டால் அது ஆம்புலன்ஸ் ஆகிவிடாது. போகட்டும், அந்தச் சிவப்புச் சிலுவையை நாமாக வரையவும் கூடாது; அந்த அடையாளத்தை 1960-ஆம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தச் சட்டம் காக்கிறது. எங்களுக்கு வண்டி வேண்டியது சாமான்களுக்கு. கிராம கிளினிக்குக்கு மருந்துப் பெட்டி, எடை இயந்திரம், மடக்குக் கட்டில். கண் முகாமுக்குப் பலகையும் நாற்காலியும். சமையலறைக்கு அரிசி, சலவைக்குத் துணி மூட்டை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். ராமநாதபுரத்துக்காரர்களுக்குத் தண்ணீரின் பாரத்தை விளக்கவேண்டியதில்லை. பேட்டரிக் குட்டியானையின் முதல் மாடல் 600 கிலோ ஏற்றும். அதில் இருபது லிட்டர் கேன் 28 அடங்கும், அவ்வளவுதான். மருத்துவக் கழிவை மாத்திரம் இதில் ஏற்ற முடியாது. அதற்கு 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி அனுமதி பெற்ற தனி வண்டிதான் வரவேண்டும்.

மிஷன் மருத்துவமனைகளின் சரித்திரத்தில் வண்டிக்கு ஒரு இடம் உண்டு. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் சாலையோர மருத்துவ ஊழியத்தை முதலில் மாட்டுவண்டியில்தான் ஆரம்பித்தார்கள். 1909-இல் அவர்களுக்குச் சிறிய பெஷோ மோட்டார் கார் ஒன்று கிடைத்தது. மாடும் குதிரையும் இல்லாமல் தானாக ஓடிவருகிற அந்தப் பொருளைக் கண்டு ஜனங்கள் பயந்து ஓடினார்கள் என்று சொல்லுவார்கள். பிற்பாடு அதே ஜனங்கள் அந்த வண்டி வரும் நாளை எண்ணி, குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். பயந்தவர்களைக் காத்திருக்கச் செய்தது காரின் அழகல்ல. சொன்ன நாளில், சொன்ன மரத்தடியில் அது வந்து நின்றதுதான்.

இதை நாங்கள் அழுத்திச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் கிராம கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலர் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குகிறவர்கள். வலை பின்னுகிற பெண்கள், பாசி எடுக்கப் போகிற பெண்கள், கருவாடு காயப்போடுகிற பாட்டிமார். கிளினிக் நாள் என்றால் அன்றைய கூலியை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். வண்டி ஒரு தரம் வராமல் போனால் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாம் தரமும் வராவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினவர்கள் சில மாதம் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு வார்டுக்கு வருவார்கள். ஆகையால் பாதி வழியில் நின்றுபோகிற வண்டியைக் காட்டிலும் வண்டி இல்லாதிருப்பது எங்களுக்கு நல்லது. இல்லாவிட்டால் வாடகைக்கு ஒன்றைப் பேசிக்கொண்டு போய்விடுவோம்.

இப்போது தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர், போக வர 110. முதல் மாடல் பேட்டரிக் குட்டியானைக்கு ஒரு முறை சார்ஜ் செய்தால் 154 கிலோமீட்டர் என்று சான்று கொடுத்திருக்கிறார்கள். அது சோதனைச்சாலைக் கணக்கு. பாரமேற்றி, நம் கடற்காற்றை எதிர்த்து ஓட்டும்போது 110 கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷம் ஓடிய பேட்டரியில் நூற்றுக்கு எண்பது பங்கு சத்துதான் மீதி என்றால் அது 88 ஆகும். கடைசிச் சொட்டுவரை ஓட்ட முடியாது, கொஞ்சம் கையிருப்பு வைக்கவேண்டும். மிஞ்சுவது 75. அதில் மண்டபம் போய்த் திரும்பலாம். பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் போனால் அங்கே சில மணி நேரம் சார்ஜ் போட்டாக வேண்டும். இந்த வண்டியின் பேட்டரி 21 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் முழுவதும் ஏற ஏழு எட்டு மணி நேரம் ஆகும்.

இதைக் கேட்டு அப்படியானால் பேட்டரி வண்டி உதவாது என்று எண்ணிவிடாதிருங்கள். நாங்கள் சொல்லுவது நேர்மாறானது. தேவிபட்டினம், கீழக்கரை, உச்சிப்புளி என்று ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் தெரிந்த பாதையில் போய், மாலைக்குள் திரும்பி, இரவெல்லாம் கொட்டகையில் நிற்கிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. தரை மேடு பள்ளம் இல்லாத சமபூமி. ஓடும் செலவு டீசலில் பாதிகூட ஆகாது. நோயாளிகள் படுத்திருக்கும் வார்டு ஜன்னலுக்குக் கீழே புகையும் உறுமலும் இல்லை. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழும்பிய மாவட்டம் இது. வெயிலுக்கு இங்கே குறைவில்லை. மருத்துவமனைக் கூரையிலிருந்தே வண்டிக்கு மின்சாரம் எடுக்கும் நாளையும் நாங்கள் எதிர்பார்க்கிறோம்.

ஆகவே முதலில் பேட்டரி. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கம்ப்யூட்டரை மாட்டினால் பேட்டரியின் மீதத் திறனைச் சதவீதமாகச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தாளை வாங்கி வையுங்கள். தாளோடு ஒரு சோதனையும் செய்து பாருங்கள்: இரவில் முழுச் சார்ஜ், காலையில் முந்நூறு கிலோ பாரம், ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போய்த் திரும்புதல். திரும்பி வரும்போது கால்வாசிக்கு மேல் மீதி காட்டினால் எங்களுக்கு அது நல்ல வண்டி. இதே மாடலின் பேட்டரிக்குக் கம்பெனி 7 வருஷம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் உத்தரவாதம் கொடுத்தது. மீதமுள்ள காலம் புதிய உரிமையாளருக்கு மாறுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சில மூன்று சக்கர வண்டிகளில் பேட்டரி வாடகைக்கு எடுத்ததாயிருக்கும். வண்டி உங்களுடையது, பேட்டரி வேறொருவருடையது. அதைக் காணிக்கையாகக் கொடுக்க உங்களுக்கு அதிகாரமில்லை. செத்த பேட்டரியோடு வண்டி வந்தால், புதிய பேட்டரி வாங்கும் பணத்தில் எங்களுக்கு ஒரு பழைய டீசல் வண்டியே கிடைத்துவிடும். செத்ததைப் பழைய இரும்புக் கடையில் போடவும் கூடாது. தயாரிப்பாளரே திரும்பப் பெறவேண்டும் என்று 2022-ஆம் வருஷத்துப் பேட்டரிக் கழிவு விதிகள் சொல்லுகின்றன.

அடுத்தது உப்பு. இரும்பை உப்பு என்ன செய்யும் என்பதை இந்தக் கரையில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை உப்புக்காற்று அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தவேண்டி வந்தது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. பாலத்துக்கே அந்தக் கதி என்றால் லோடு வண்டியின் சேசிஸ் எம்மாத்திரம்? குறிப்பாக மீன் ஏற்றிய வண்டியா என்று நாங்கள் கேட்போம், கோபிக்கவேண்டாம். ஐஸ் உருகி வடிகிற உப்புத்தண்ணீர் பின்தட்டின் இடுக்குகளில் இறங்கி அடியிலிருந்து தின்னும். மேலே புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் தெரியாது. மீன் வாசனை சோப்புப் போட்டாலும் போகாது என்பது வேறு. தலையணை உறையில் வாளைமீன் மணம் வந்தால் எங்கள் நர்ஸம்மாமார் எங்களை விடமாட்டார்கள்.

கடல்நீர் புகுந்த வண்டியோ வேண்டவே வேண்டாம். 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் ஃபுளோரிடாக் கரையை இயன் புயல் அடித்தபோது, உப்புநீரில் மூழ்கிய பேட்டரிக் கார்களில் சில, தண்ணீர் வடிந்து நாட்கள் கழித்து, நின்ற இடத்திலேயே தீப்பற்றின. 2023 டிசம்பரில் தூத்துக்குடிப் பக்கம் வெள்ளம் வந்ததையும், 2024 நவம்பர் 20-இல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும் பார்த்தோம். அந்த நாட்களில் உங்கள் வண்டி எங்கே நின்றது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் அதை நிறுத்தப்போவது நோயாளிகள் படுத்திருக்கிற கட்டடத்தின் பக்கத்தில்.

இனி காகிதம். இதில்தான் நல்ல மனசுள்ளவர்கள் அதிகமாய்ச் சிக்கிக்கொள்ளுகிறார்கள். சாவியைக் கொடுத்து, ஜெபம் பண்ணி, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் பேர் மாறுவதில்லை. ஆறு மாதம் கழித்து அந்த வண்டி ஒருவரை இடித்துவிட்டால் நஷ்டஈட்டு வழக்கு யார்மேல் வரும்? ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், வண்டி கைமாறிவிட்டாலும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காணிக்கை கொடுத்தவரின் வீட்டுக்குச் சம்மன் போகும். ஆகவே கொடுக்கிற அன்றே படிவம் 29-இலும் 30-இலும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். மாநிலத்துக்குள் என்றால் கொடுப்பவர் 14 நாளுக்குள்ளும் பெறுபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். கடனில் வாங்கிய வண்டியானால் கடனை முழுவதும் தீர்த்து, படிவம் 35-இல் கடன் கொடுத்தவரின் ஒப்புதலும் வேண்டும். பாதிக் கடனோடு வரும் வண்டி எங்களுக்குக் காணிக்கை அல்ல, தவணை.

பேட்டரியில் ஓடும் போக்குவரத்து வண்டிகளுக்கு பெர்மிட் வேண்டாமென்று 2018 அக்டோபரில் மத்திய அரசு விலக்களித்திருக்கிறது. பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து, அதுதான் அடையாளம். ஆனால் எஃப்.சி.யும் இன்சூரன்சும் வேண்டும், அவை நடப்பில் இருக்கவேண்டும். எங்கள் டிரைவரின் சாதாரண எல்.எம்.வி. லைசென்சே போதும், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது.

இன்சூரன்ஸ் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் ஓரியூர்த் திருவிழாவானாலும், ஏர்வாடிச் சந்தனக்கூடானாலும், கல்யாணம் காதுகுத்தானாலும் லோடு வண்டியின் பின்தட்டில் குடும்பமாக ஏறிப் போவது பழக்கம். காணிக்கையாக வந்த வண்டியானால் இன்னும் மோசம். நம்ம ஆஸ்பத்திரி வண்டிதானே, கொஞ்சம் இறக்கிவிடுங்கள் ஐயா என்று கேட்பார்கள். கேட்பவர் நேற்று வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிற கர்ப்பிணியாயிருப்பார், மறுக்க நாக்கு எழாது. ஆனால் சரக்கு வண்டியில் ஏறினவர்களுக்கு அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-இல் தீர்ப்பாயிருக்கிறது. அடிபட்டவருக்கு நம்மால் என்ன ஈடு செய்யமுடியும்? பின்தட்டில் ஆள் ஏற்றக்கூடாது என்று டிரைவருக்கு எழுத்தில் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறோம். கொடுக்கிறவர்களும் தங்கள் சபையாரிடம் இதைச் சொல்லி வையுங்கள். எங்கள் டிரைவர் ஏற்ற மறுத்தால் அவரைக் கல்நெஞ்சன் என்று பேசாதிருங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். வண்டியைக் கொடுத்தால் 80ஜி ரசீது கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கிடைக்காது. 80ஜி என்று நாம் பழகிப்போன அந்த வரிச்சலுகை பணமாகக் கொடுத்தால் மாத்திரமே உண்டு, பொருளுக்கு இல்லை. பணத்திலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் போனால் இல்லை. புதிய வரிமுறையைத் தெரிந்துகொண்டவர்களுக்கு எதற்குமே இல்லை. ஆகவே வரி முக்கியம் என்று நினைக்கிறவர்கள் வண்டியை நல்ல விலைக்கு விற்று, செக்காகக் கொடுங்கள். அதில் எங்களுக்கு மனக்குறை ஒன்றும் கிடையாது. சொல்லப்போனால், இங்கே சொன்ன சோதனையில் தேறாத வண்டிக்கு அதுவே சரியான வழி. ஒரு காய்கறிக் கடைக்கு அது இன்னும் உழைக்கும்.

அமெரிக்காவில் பழைய காரைத் தர்மத்துக்குக் கொடுப்பது ஒரு பெரிய வழக்கம். அங்கே ஒரு காலத்தில் ஓடாத காருக்கும் பெரிய விலை எழுதி வரி கழித்துக்கொண்டார்கள். 2005 முதல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள்: 500 டாலருக்கு மேலான வண்டியைத் தர்மஸ்தாபனம் தன் வேலைக்கு வைத்துக்கொள்ளாமல் விற்றுவிட்டால், விற்ற விலைதான் கணக்கு. வெளிநாட்டிலிருக்கிற நம் பிள்ளைகள் வண்டியைக் கப்பலேற்றுவதைப் பற்றி நினைக்கவேண்டாம், சுங்கவரி அதை விழுங்கிவிடும். விற்றுப் பணமாக அனுப்ப விரும்பினால் முதலில் எங்களுக்கு எழுதுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ஒரு வழி, அந்நியக் குடியுரிமை பெற்றவருக்கு வேறு வழி. அந்நிய நன்கொடைச் சட்டத்தில் இரண்டையும் குழப்பினால் சிரமம் மருத்துவமனைக்குத்தான்.

வேதபகுதி இல்லாமல் எங்களால் பேச முடியாது என்று உங்களுக்குத் தெரியும். லேவியராகமத்தில் பலிக்கு வருகிற ஆட்டைப் பார்த்துச் சோதிக்கிற பொறுப்பு ஆசாரியனுடையது. ஆடு கொண்டுவந்தவனை அவன் அவமதிக்கிறான் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் மெக்கானிக் உங்கள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கும்போதும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பகுதி இராஜாக்களின் இரண்டாம் புஸ்தகம் 12-ஆம் அதிகாரம். யோவாஸ் ராஜாவின் நாட்களில் ஆலயத்துக்குப் பணம் வந்துகொண்டேயிருந்தது. ஆனால் இருபத்துமூன்றாம் வருஷமட்டும் இடிந்த இடம் இடிந்தபடியே கிடந்தது. அப்புறம்தான் யோய்தா என்னும் ஆசாரியன் ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரமிட்டு, பழுதுபார்ப்பதற்கென்றே பணம் சேர்த்தான். தச்சருக்கும் கொத்தருக்கும் அதிலிருந்து கூலி போனது. வண்டி கொடுக்க ஆள் உண்டு. வண்டியின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளவும் ஆள் உண்டு. டயர் மாற்ற, இன்சூரன்ஸ் கட்ட, டிரைவருக்குச் சம்பளம் கொடுக்க யோய்தாவின் பெட்டி வேண்டும். ஆகவே நிர்வாகக் குழுவார் ஒரு முடிவு செய்திருக்கிறார்கள். வண்டி கொடுக்கிறவரோடு சேர்ந்து அவருடைய சபையோ சங்கமோ இரண்டு வருஷத்து இன்சூரன்சையும் ஒரு செட் டயரையும் ஏற்றுக்கொள்ளவேண்டும். வண்டி கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு இது நல்ல வாசல். ஒரு பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் மாதந்தோறும் சார்ஜ் செலவை ஏற்றுக்கொள்ளலாம். இருபது நாள் இரவில் சார்ஜ் போட்டால் 500 யூனிட்டுக்குள் அடங்கும்.

மழை பிடிக்குமுன் வண்டியைக் காட்ட விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை காலையில் கொண்டுவாருங்கள். வெளிச்சத்தில் அடிப்பாகத்தைப் பார்க்க வசதியாயிருக்கும். ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், கடன் தீர்ந்த கடிதம், பேட்டரிச் சோதனைத் தாள், எல்லாம் ஒரு உறையில் இருக்கட்டும். அத்துடன் சார்ஜரையும் அதன் கேபிளையும் எடுத்துவர மறந்துவிடாதிருங்கள்.